சின்ன கெட்டிலில் திராட்சரசம்

கிளாட்வின் தன் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. திருப்பதியில் யஸ்வந்தும் தானும் சேர்ந்து மாம்பழத்தில் ஒரு பானம் செய்கிறோம் என்றுதான் சொன்னான். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அந்தப் பானத்துக்கு ஊரில் பீர் என்று பெயர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை மூடி மறைக்கவே அவனுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. சித்தூரில் பழைய மிஷன் காம்பவுண்டை ஒட்டிய தெருவில் பிறந்தவன், நான் பீர் காய்ச்சுகிறேன் என்று எந்த வாயால் சொல்வான்? அவன் நைனா சுந்தர்ராஜ் மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து கண்ணை மூடியவர். இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார். கூடத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில், வாலிப வயதில் அவர் கையெழுத்துப் போட்ட மதுவிலக்கு உறுதிமொழிச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். மற்ற வீடுகளில் கல்யாணப் படம் மாட்டுகிற இடம் அது.

அம்மா தபீதாள் அவருக்கும் ஒரு படி மேல். சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து. அதற்கான திராட்சரசத்தை இருபத்து நான்கு வருஷமாக அவள்தான் காய்ச்சிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கறுப்பு உலர்திராட்சையை மூன்று தண்ணீரில் அலசி ஊறப்போடுவாள். சனிக்கிழமை காலையில் சீனியும் ஒரு துண்டுப் பட்டையும் போட்டுப் பாதியாக வற்றக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் பிழிந்து, சூடு ஆறுமுன் பாட்டிலில் ஊற்றி மூடுவாள். புளிக்கவே கூடாது என்பதுதான் அதில் சட்டம். துளி புளித்தாலும் அது வேறு வஸ்து என்பாள்.

அந்தச் சட்டத்தை நம்பி உயிர் பிழைத்த ஆள் ஒருவர் இருந்தார். தபீதாளின் தம்பி ஸ்டான்லி. பாகாலா ரயில்வே ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு காலத்தில் அவர் குடித்த குடி சித்தூர் முதல் காட்பாடி வரை பிரசித்தம். மனைவியின் அடக்கத்துக்கு வந்தவர், கல்லறைத் தோட்டத்தின் மதிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் வழி தெரியாமல் வெளியிலேயே நின்றார். அதன் பிறகு எப்படியோ விட்டார். விட்டு ஒன்பது வருஷம். திருவிருந்துக்கு வரப் பயந்துகொண்டிருந்தவரிடம் போதகர் ஐயா, "அதுல ஒரு சொட்டும் கிடையாது ஸ்டான்லி. உங்க அக்கா காய்ச்சறது" என்று சொன்ன பிறகுதான் வந்து முழங்கால் போட்டார். அன்றிலிருந்து முதல் ஞாயிறு என்றால் பாகாலாவிலிருந்து காலை பஸ் பிடித்து வந்துவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் கிளாட்வின் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பெங்களூருக்குப் போய், ஏழு வருஷம் வேறொருவனுடைய பீர் கடையில் காய்ச்சக் கற்றுக்கொண்டான். அவனுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. தொட்டியைத் திறக்காமலே உள்ளே எத்தனையாவது நாள் நடக்கிறது என்று சொல்லிவிடுவான். பள்ளித் தோழன் யஸ்வந்துக்கு வாய் நன்றாக வேலை செய்தது. அவன் அப்பா சிட்டிபாபுவுக்குச் சித்தூர் பக்கத்தில் மாம்பழக்கூழ் ஆலை. மூக்கும் வாயும் கூழும் ஒன்றுசேர்ந்து, ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பழைய டயர் கோடவுனைப் பிடித்தன. பெயர் 'மாமிடி தோட்டா'. தெலுங்கில் மாந்தோப்பு. பெயரை வைத்தது யஸ்வந்த். ஆனால் அதைக் கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது கிளாட்வின்தான். அம்மாவிடம் தயங்காமல் சொல்லக்கூடிய பெயர்.

திருப்பதியில் போய் இதை யார் குடிப்பார்கள் என்று ஊரே சிரித்தது. மலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, திரும்பவும் வேண்டாம். வந்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், டாக்டர்கள், சனிக்கிழமையானால் வேலூரிலிருந்து கார் எடுத்து வருகிறவர்கள். கிளாட்வின் கோதுமை பீரில் தோத்தாபுரி மாம்பழக் கூழைக் கலந்தான். அவன் வைத்திருந்த ஈஸ்ட் ஒரு தனி ரகம்; புளிக்கப் புளிக்கப் பழுத்த வாழைப்பழ வாசனை விடும். வாழையும் மாம்பழமும் சேர்ந்து நாக்கில் என்ன செய்ததோ, ஆறே மாதத்தில் உட்கார இடமில்லை. பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து குடித்துவிட்டுப் போட்டோ போட்டார்கள். பேப்பரில் அரைப்பக்கம் வந்தது.

அந்த அரைப்பக்கத்தில் யஸ்வந்த் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கிளாட்வின் எங்கே என்றால், போட்டோ எடுக்கும்போது டேங்குக்குப் பின்னால் குனிந்து, கழன்றே போகாத ஒரு வால்வை இறுக்கிக்கொண்டிருந்தான். எந்தப் போட்டோவிலும் அவன் இல்லை. சித்தூருக்கு வரும்போது பாகாலா தாண்டியதும் காரை ஓரங்கட்டி, சட்டை மாற்றிப் பவுடர் அடித்துக்கொள்வான். ஒருமுறை பெண்கள் ஐக்கிய சங்கத்தில், உங்கள் மகன் செய்கிற ஜூஸை எங்கள் கண்ணில் காட்டவே மாட்டீர்களா என்று தபீதாளைப் பிடித்துக்கொண்டார்கள். இவன் கடையில் இரண்டு பெட்டி மாம்பழ ஜூஸ் வாங்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டியிருந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். சந்திரம்மா அத்தை அதைக் குடித்துவிட்டு, கடை ஜூஸ் மாதிரியே இருக்கிறதே என்று பாராட்டினாள்.

மனைவி சுஜிதாவுக்கு எல்லாம் தெரியும். ஒளிக்கிற அளவுக்கு வெட்கமாக இருந்தால் அந்தத் தொழிலை விடு, வெட்கமில்லை என்றால் சொல்லிவிடு என்று அவள் நியாயமாகத்தான் சொன்னாள். நியாயத்தைக் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

மூன்றாம் வருஷம் ஜூலை மழையில் தபீதாள் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் கையில் பிடி வரவில்லை. குண்டானைத் தூக்க முடியவில்லை, துணியைப் பிழிய முடியவில்லை. முதல் ஞாயிறு நெருங்கியது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சபையில் சொல்வார்களோ என்று அவள் முகம் சுண்டிப்போய்க் கிடந்ததைப் பார்த்ததும் கிளாட்வினுக்கு வாயில் வந்துவிட்டது.

"நான் காய்ச்சி எடுத்தாறேன்மா. எங்ககிட்ட பெரிய பெரிய பாத்திரம் கீது. நீ சொல்ற மாதிரியே செய்றேன்."

அவள் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. தபீதாள் காய்ச்சியது என்றே இருக்கட்டும். இருபத்து நான்கு வருஷத்துப் பெயரை விட அவளுக்கும் மனமில்லை. நல்ல மனுஷிதான், ஆனாலும் மனுஷி.

இப்படியாகச் சித்தூர் சபையின் திருவிருந்துக்கான திராட்சரசம் ரேணிகுண்டா ரோட்டுப் பீர் ஆலையில் காயத் தொடங்கியது. அங்கே புது ரகங்களைச் சோதித்துப் பார்க்க ஐம்பது லிட்டர் பிடிக்கிற சின்னக் கொப்பரை, அவர்கள் கெட்டில் என்பது, ஒன்று தனி அறையில் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆட்கள் வருவதற்கு முன் அதிகாலையில் வந்து, அம்மா சொன்ன அளவு பிசகாமல் காய்ச்சுவான். பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுப்பான். வெள்ளைத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுவருவான். அந்த ஒரு காலை வேளையில்தான் அவன் அந்தக் கட்டடத்துக்குள் கூச்சமில்லாமல் நின்றான். செய்கிற பாவத்துக்கு இது கொஞ்சம் ஈடு என்று நினைத்தானோ என்னவோ. யஸ்வந்திடம் மட்டும் சொல்லவில்லை. பீர் காய்ச்சுகிறவன் கோயில் ஜூஸும் காய்ச்சுகிறான் என்றால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வீட்டாரிடம் பீரைச் சொல்ல வெட்கம், தோழனிடம் ஜூஸைச் சொல்ல வெட்கம்.

இதில் அவன் ஒன்றை மறந்தான். மறந்தான் என்பதைவிட, நினைத்துப் பார்க்கவே தோன்றவில்லை. திராட்சைத் தோலில் இயற்கையாகவே காட்டு ஈஸ்ட் குடியிருக்கும். பீர் செய்யும் இடத்தில் அது நுழைந்தால் வளர்த்த ஈஸ்டைக் கெடுத்துவிடும். வேறு யாராவது ஒரு பை உலர்திராட்சையோடு வந்திருந்தால் கிளாட்வின் வாசலிலேயே நிறுத்தியிருப்பான். ஆனால் இது அம்மாவுடைய திராட்சை. ஆலைக்குள் அது சரக்காகவே அவன் கண்ணுக்குப் படவில்லை. மாதாமாதம் அந்த வெள்ளியன்று அதை அலசி, ஈஸ்ட் வைக்கிற குளிர் அறைக்குப் பக்கத்திலேயே, திறந்த வாளியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டான்.

ஜனவரியில் முதல் டேங்க் பீர் கெட்டுப் புளித்தது. பிப்ரவரியில் இரண்டு. கிளாட்வின் பைப்பெல்லாம் கழற்றிக் கழுவினான், நீராவி பாய்ச்சினான், அதே ரக ஈஸ்டைப் புதிதாகத் தருவித்தான். ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி சாக்கடை நாற்றம் போல ஒரு நெடி அடியில் எட்டிப்பார்க்கும். யஸ்வந்த் அதற்குப் 'புளிப்பு ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து ஒரு வாரம் விற்றான். அதைக் குடித்தவர்கள் அடுத்த வாரம் வரவில்லை. சனிக்கிழமைகளில் நாற்காலிகள் காலியாகத் தொடங்கின.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஏப்ரலில் வந்தது. சாயங்காலத் திருவிருந்துக்குச் சபையே திரண்டு வரும். ரசமும் இரண்டு மடங்கு வேண்டும். கிளாட்வின் திங்கட்கிழமையே காய்ச்சினான். டேங்குகளைக் கழுவுகிற அமளியில் ரசத்துக்கென்று தனியாக வைத்திருந்த குழாயைக் காணவில்லை. கையில் கிடைத்த பீர்க் குழாயை வெந்நீரில் ஒரு அலசு அலசி, அதற்குள் ஆறிவிட்டிருந்த ரசத்தைப் பாட்டில்களில் நிரப்பினான். எப்போதும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவை ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குக் கொடுப்பான். அன்று நேரமில்லை. பாட்டில்களை நேரே போதகர் அறை அலமாரியில் வைத்துவிட்டு ஓடிவந்தான். சித்தூர் ஏப்ரல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மூன்று நாள் அவை அங்கே இருந்தன.

வியாழன் சாயங்காலம் போதகர் ஐயா பாத்திரத்தைக் கையில் ஏந்தி ஜெபித்து, முதலில் தான் பருகினார். அவர் புருவம் சற்று மேலே போனதைக் கிளாட்வின் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தான். ஆனால் அர்ப்பணித்து முடித்த பிறகு அவர் என்ன செய்ய முடியும்? பாத்திரத்தோடு பீடத்தின் முன்னிருக்கும் கிராதிப் பக்கம் வந்தார். முதல் வரிசையில் பாகாலாவிலிருந்து வந்த ஸ்டான்லி முழங்கால் போட்டிருந்தார். அவர் வரிசை எழுந்து, இரண்டாம் வரிசை போய், கிளாட்வினுடைய முறை வந்தது. பாத்திரம் உதட்டுக்கு அருகில் வந்ததும் மூக்கில் ஏறியது, பழுத்த வாழைப்பழ வாசனை.

அவனுடைய ஈஸ்ட். உலகத்தில் வேறு எங்கே வைத்துக் கொடுத்தாலும் அவனுக்குத் தெரியும். அந்தக் குழாயில் ஒட்டியிருந்தது சீனித் தண்ணீருக்குள் இறங்கி மூன்று நாளில் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. அவன் குடித்தான். குடிக்காமல் எப்படி எழுவது? எழுந்து திரும்பினான். ஸ்டான்லி மாமா தன் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாக்கை உதட்டின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசை போகும்போது ஸ்டான்லி எழுந்தார். நடுப்பாதையில் நடந்து போய், கடைசி ஆளுக்குப் பக்கத்தில் இரண்டாவது முறையாக முழங்கால் போட்டார். யாரும் இரண்டு முறை போவதில்லை. பார்த்தவர்கள், வயசானவர், பக்தியில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஏன் என்று தெரிந்த ஒரே ஒருவன் கோயிலுக்குள் இருந்தான். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்திருக்கலாம். ஐயா, கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஈஸ்டருக்கு ஸ்டான்லி வரவில்லை. திங்கட்கிழமை அவர் மகள் மோனிகா போன் செய்து, அப்பா இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை, பாகாலா ஸ்டேஷன் பக்கத்து ஒயின் கடை வாசலில் படுத்துக்கிடந்தவரை இப்போதுதான் ஆட்டோவில் ஏற்றி வந்தேன் என்று அழுதாள். ஒன்பது வருஷம் மூன்று நாளில் போயிற்று.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். கமிட்டிச் செயலர் ஜெபகுமார், யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று தொடங்கி, ரசம் புளித்திருந்ததைச் சுற்றி வளைத்து எடுத்தார். சின்னப் பிள்ளைகளும் குடித்தார்கள் என்றார். தபீதாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். முறிந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுதான். கை முடியாததுனால சரியா காய்ச்சல. வேற யாரும் காரணமில்ல. சபை என்னை மன்னிக்கணும்."

தூணுக்குப் பக்கத்தில் நின்ற மகனின் பக்கம் அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. எல்லாரும் மன்னித்தார்கள். உங்களுக்கும் வயசாகிவிட்டது அம்மா, இத்தனை வருஷம் செய்ததே பெரிது என்றார்கள். இனிமேல் கடையில் திராட்சை ஜூஸ் வாங்கிக்கொள்வது என்று அங்கேயே முடிவானது. அவர்கள் அன்பாகச் சொன்னதுதான் அவளைக் கொன்றது. வீட்டுக்கு வந்ததும் அவள் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் பாத்திரத்தில் வேறு ஏதாவது காய்ச்சினீர்களா என்று. "இல்லம்மா" என்றான் கிளாட்வின். இதுவரை சொல்லாமல்தான் விட்டிருந்தான். இப்போது வாயைத் திறந்து பொய்யே சொல்லிவிட்டான்.

மே மாதம் பெங்களூர் லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. பீரைக் கெடுத்தது திராட்சைத் தோலில் இருக்கிற காட்டு ஈஸ்ட் என்று எழுதியிருந்தது. யஸ்வந்த் பேப்பரை மேஜை மேல் வைத்தான். நம் ஆலைக்குள் திராட்சை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டான். கிளாட்வின் சொன்னான். வாளி, கெட்டில், அம்மாவின் கை, பெரிய வியாழன், ஸ்டான்லி மாமா, எல்லாவற்றையும் சொன்னான். தாயிடம் சொல்ல முடியாததைத் தோழனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லும்போதே தெரிந்தது. யஸ்வந்த் சிரிப்பான் என்று பயந்தான் அல்லவா, அவன் சிரிக்கவில்லை.

"ஒரேய், ஒக்க மாட்ட, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த வாளிய வெளிய வெச்சிருப்போமேடா. உங்க அம்மாவுக்கு வீட்ல தனியா ஒரு ஸ்டவ் வாங்கித் தந்திருப்பேனேடா" என்றான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

எல்லாவற்றையும் இடித்துக் கழுவித் திரும்பத் தொடங்கத் தெம்பில்லை. போன கூட்டமும் திரும்பி வரவில்லை. ஆகஸ்டில் 'மாமிடி தோட்டா'வின் போர்டை இறக்கினார்கள். டேங்குகளை விசாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். யஸ்வந்த் அப்பாவின் கூழ் ஆலைக்கே போய்விட்டான். கிளாட்வினோடு சண்டையும் போடவில்லை, போனும் செய்யவில்லை.

கிளாட்வின் சித்தூருக்கு வந்து அம்மா வீட்டில் உட்கார்ந்தான். ஜூஸ் கம்பெனி நஷ்டப்பட்டுவிட்டது என்று தபீதாள் தெருவெல்லாம் வருத்தத்தோடு சொன்னாள். பெண்கள் சங்கத்தில் அவனுக்காக ஜெபித்தார்கள். அதுதான் சுஜிதாவுக்குத் தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து சொன்னான். அவன் முடித்ததும் அவள் கீரைத் தண்டைக் கீழே போட்டுவிட்டு விரலால் எண்ணினாள்.

"எட்டு மாசம். எட்டு மாசமும் அந்தச் சட்டியிலயா?"

ஆமாம் என்றான். அவன் திட்டு வாங்கத் தயாராக இருந்தான், அடித்தாலும் வாங்கியிருப்பான். அவளுக்கு இவன் மேல் கோபம் வரவே நேரமாயிற்று. முதலில் வந்தது தன் மேல்தான். தான் காய்ச்சாததைத் தான் காய்ச்சியதாகப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தோமே, ஒரு மாதமாவது என் மகன் செய்தது என்று சொல்லியிருந்தால் யாராவது போய்ப் பார்த்திருப்பார்களே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். கிளாட்வின் மன்னிப்புக் கேட்டான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"என்கிட்ட இன்னாடா கேக்கற? எனக்கு ஒரு பேரு போச்சு, அவ்ளோதான். கெட்டது ஸ்டான்லி. அவன்கிட்ட போய் சொல்லு. கெளம்பு, நானும் வர்றேன்."

பத்து மணி பஸ்ஸில் பாகாலாவுக்குப் போனார்கள். மோனிகா கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்த நர்ஸ் உடையை இன்னும் மாற்றவில்லை. ஸ்டான்லி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான்கு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். தாடி வெளுத்து வளர்ந்திருந்தது. அந்த வேளைக்கே அறையில் நெடி நின்றது. அக்காவைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தார், முடியவில்லை. தபீதாள் மோனிகாவை அழைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அது மகனுக்காக அவள் விட்ட இடம்.

கிளாட்வின் தரையில் உட்கார்ந்தான். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தான், ஆனால் அவர் கால் விரல்களைப் பார்த்துத்தான் சொன்னான். நான் பீர் காய்ச்சினேன் மாமா. அந்தச் சட்டியில்தான் ரசமும் காய்ச்சினேன். என் அழுக்குக் குழாயில் இருந்து வந்ததுதான் அன்றைக்கு உங்கள் வாயில் பட்டது. நீங்கள் இரண்டாவது தடவை முழங்கால் போட்டதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டான். முப்பத்தெட்டு வயசுக்காரன், குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

ஸ்டான்லி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அவன் தலையில் வைத்தார்.

"அட, இதுக்குப் போயி அழுதுக்கினு கீற. மன்னிச்சிட்டேன் போ. மனுஷன்னா தப்பு செய்றதுதான்."

கிளாட்வினுக்கு மார்பில் இருந்த பாரம் ஒரு நொடி இறங்கியது. உண்மையிலேயே இறங்கியது. அந்த ஒரு நொடி அவன் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டான். அப்போது தலைமேல் இருந்த கை கழுத்துக்கு இறங்கி, அவனைக் கிட்டத்தில் இழுத்தது. ஸ்டான்லி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடைய மூடும்போது கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கும் இல்ல, மாப்ள? பையில இன்னா கொணாந்த?"

கண் ஆசையில் பளபளத்தது. கிளாட்வின் ஒன்றுமில்லை மாமா என்றான். பையில் அம்மா கட்டிய தோசை மட்டும்தான் இருந்தது. ஸ்டான்லி முகம் தொங்கிப்போனது. பரவாயில்லை, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே அவனுக்கு ஆறுதல் சொன்னார். மோனிகா காபி கொண்டுவந்தாள். யாரும் யாரையும் பார்க்காமல் குடித்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் தபீதாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் தாண்டியதும் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"மன்னிச்சிட்டேன்னாரு."

அவ்வளவு சீக்கிரமாகவா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கிளாட்வினுக்குத் தோன்றியது. சொல்லாமல் விடுவது அவனுக்குக் கைவந்த கலைதானே. ஆனாலும், பையில் என்ன கொண்டுவந்தாய் என்று மாமா கேட்டதைச் சொன்னான். தபீதாள் முறிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"அது ஸ்டான்லி குடுத்த மன்னிப்பு இல்ல. பாட்டிலு கெடைக்கும்னு நெனச்சுக் குடுத்தது. அது செல்லாது. அவன் தெளியட்டும், தெளிஞ்சப்புறம் போய்க் கேளு. அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவ போ. போயி கூட உக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. வெறுங்கையோட போ."

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். கிளாட்வின் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

"போன தடவ அவரு தெளியறதுக்கு எவ்ளோ நாளாச்சுமா?"

"பதினோரு வருஷம்" என்றாள் தபீதாள். வருகிற ஜனவரியில் அவளுக்கு எழுபது முடிகிறது.